ஒரு சாண் குறைச்சல்

கேபிள் ஒரு சாண் குறைந்தது.

பூவராகவன் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். கேபிளின் உலோகத் தலை கம்ப்யூட்டரின் முதுகிலிருந்த துளைக்கு ஒரு சாண் முன்னால் வந்து அந்தரத்தில் நின்றுவிட்டது. அடுத்த கேபிளை எடுத்தார். அதுவும் ஒரு சாண். பதினாறு கேபிள்களும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே அளவுக்குக் குறைந்தன.

கரண்ட் ஒயர் என்றால் துண்டு சேர்த்து டேப் சுற்றிவிடலாம். இது அப்படிப்பட்ட சாதியில்லை. சுண்டுவிரல் பருமனில், இரண்டு முனையும் மூடிய நிலையில், வெளிநாட்டிலிருந்து வருவது. ஒரு மீட்டர், மூன்று மீட்டர், ஐந்து, எட்டு என்று அளவு வைத்துத்தான் வரும். நடுவில் வெட்டினால் குப்பைதான். தேங்காய் மூடியைவிடச் சின்னதாக வளைத்தாலும் உள்ளே நரம்பு விட்டுப்போகும்.

கடற்கரையோரம் இருந்த அந்த ஆராய்ச்சி நிலையத்தின் கம்ப்யூட்டர் ரூமில் எட்டு கேபினெட்டுகள் நின்றன. ஒவ்வொன்றிலும் பதினாறு கம்ப்யூட்டர்கள். நூற்றிருபத்தெட்டும் சேர்ந்து ஒரே கணக்கைப் போடும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கேபிள், நாலாவது கேபினெட்டில் இருக்கும் சுவிட்ச் பெட்டிக்குப் போகும். அந்தக் கேபிள்களைப் பின்னல் போட்டது மாதிரி படிய வைத்தவர் பூவராகவன். வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் வந்தால், பிரிவுத் தலைவர் லக்ஷ்மிநாராயணன் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத்தான் திறந்து காட்டுவார். "கேபிள் வேலைன்னா எங்க பூவராகவன்தான்" என்பார். பூவராகவன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வருஷத்தில் அவரைப் பற்றி யாராவது பேசுவது அந்த ஒன்றிரண்டு நாள்தான்.

அப்பேர்ப்பட்டவர், புதிதாக வந்த ஒன்பதாவது கேபினெட்டுக்குக் கேபிள் எழுதிக் கொடுக்கும்போது தரையில் டேப் வைத்து நீளத்தை மட்டும் அளந்தார். கேபிள் தரைக்கடியிலிருந்து மேலே ஏற வேண்டிய தூரத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்.

"அளந்தீங்களா?" என்று லக்ஷ்மிநாராயணன் மூன்று முறை கேட்டிருந்தார்.

"அளந்தாச்சு சார்" என்று இவரும் மூன்று முறை சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை காலை வைஷாலி என்ற இளம் விஞ்ஞானி ஒன்பது கேபினெட்டிலும் தன் கணக்கை ஓட்ட வேண்டும். இன்றைக்குச் சனிக்கிழமை. காணும் பொங்கல். நிலையமே காலி. அணுபுரம் குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேர் பிள்ளை குட்டிகளோடு மகாபலிபுரத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தப்பை ஓசைப்படாமல் சரிக்கட்ட இதைவிட நல்ல நாள் வராது.

இது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு, அதை அவர் தனக்கே சொல்லிக்கொள்வதில்லை. மனைவி சாந்தா போய் நாலு வருஷம் ஆகிறது. மகள் பிரியங்கா கல்யாணமாகி புனேயில் இருக்கிறாள். பொங்கலன்று காலையில் ஆறு நிமிஷம் பேசினாள். அதில் இரண்டு நிமிஷம் குக்கர் விசில். பண்டிகை நாளில் அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது பூவராகவனுக்கு முடியாத காரியம். பக்கத்து வீடுகளில் சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துக் கூட்டி வைத்து, அதன் பட்டனே தேய்ந்துவிட்டது.

ஆகவே லீவு நாளென்றால் ஆபீஸ்.

கேபிள் கேபினெட்டுக்கு வரவில்லையென்றால், கேபினெட் கேபிளுக்கு வரட்டும் என்று முடிவு செய்தார். ஒன்பதாவது கேபினெட் சக்கரத்தில் நின்றது. எட்டாவதுக்கும் அதற்கும் நடுவே, வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தால் ஓர் ஆள் போகலாம் என்கிற அளவுக்கு இடைவெளி. அதன் வழியாகத்தான் கேபினெட்டுகளின் பின்னாலிருந்த சந்துக்குள் அவர் வந்திருந்தார். கேபினெட்டை ஒரு சாண் நகர்த்தினால் யாருக்குத் தெரியப் போகிறது?

பின்னாலிருந்தபடியே இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். ஆறு ஆள் கனம். மெல்ல அசைந்தது. கேபிளை வைத்துப் பார்த்தார், நாலு விரற்கடை குறைந்தது. இன்னும் இழுத்தார். இரண்டு விரற்கடை. மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு. 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. கேபினெட் நின்றது. கேபிளை வைத்தார். 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. பதினாறும் உட்கார்ந்தன. பதினாறு பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன.

பூவராகவன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிறைந்த மனதோடு வெளியே போகத் திரும்பினார். வெளியே போகிற வழியைத்தான் அவர் இவ்வளவு நேரம் இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

இடைவெளியில் இப்போது கை போகும், தலை போகாது. வயிற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. சரி, திரும்பத் தள்ளிவிடலாம் என்று தோளைக் கொடுத்தார். கேபினெட் அசையவில்லை. குனிந்து பார்த்தபோதுதான் அந்த 'டங்' சத்தத்துக்குப் பொருள் விளங்கியது. கேபிளைத் தரைக்கடியில் விடுவதற்காக அவரே தரைப் பலகையைக் கழற்றி வைத்திருந்த குழியில் முன்சக்கரம் இறங்கி உட்கார்ந்திருந்தது.

சந்தின் ஒரு பக்கம் சுவர். இன்னொரு பக்கம் ஆளுயர ஏ.சி. இயந்திரம். முன்னால் ஒன்பது கேபினெட்டுகள், ஒன்பதாவதுக்கு அந்தப் பக்கம் புதிதாக விட்ட ஒரு சாண் இடைவெளியில் அவர் வயிறு நுழையாது. மேலே ஏறித் தாண்டலாம் என்று ஒரு கைப்பிடியில் காலை வைத்தார். கைப்பிடி கழன்று கையோடு, அதாவது காலோடு வந்தது. அவரது உத்தியோகத்தில் மேலே ஏறப் பார்த்தபோதெல்லாம் நடந்தது இதுதான் என்பதால் அவர் ஆச்சரியப்படவில்லை.

செல்போன் மெயின் கேட்டில் இருந்தது. உள்ளே கொண்டுவர அனுமதியில்லை. ஆனால் இடைவெளி வழியாகப் பார்த்தால், பத்தடி தூரத்தில் மேஜை தெரிந்தது. மேஜைமேல் குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கும் பேசக்கூடிய இன்டர்காம் போன் இருந்தது. அதன் பக்கத்தில் அவருடைய சாப்பாட்டு டப்பா.

பழைய ஐந்து மீட்டர் கேபிள் ஒன்று சந்தில் கிடந்தது. அதன் கனமான தலையை முன்னால் விட்டு, இடைவெளி வழியாகக் கையை நீட்டி, வீசினார். முதல் வீச்சில் சாப்பாட்டு டப்பா விழுந்து திறந்துகொண்டது. எலுமிச்சம் சாதம் தரையெல்லாம் பரவியது. இரண்டாவது வீச்சில் தண்ணீர் பாட்டில் உருண்டு மேஜைக்கடியில் போனது. ஏழாவது வீச்சில் கேபிள் தலை போனின் சுருள் ஒயரில் மாட்டியது. போன் மேஜையிலிருந்து குதித்து, தரையில் தவழ்ந்து, எலுமிச்சம் சாதத்தின் நடுவே புகுந்து அவர் கைக்கு வந்து சேர்ந்தது. ரிசீவரைக் காதில் வைத்தார். டயல் டோன் கேட்டது. மஞ்சள் வாசனையும் வந்தது.

முதலில் பிரிவுத் தலைவர் வீட்டுக்குப் போட்டார்.

"லக்ஷ்மிநாராயணன்."

"சார், பூவராகவன் பேசறேன்."

"என்ன, மெஷின் டவுனா?"

"இல்ல சார், எல்லாம் ஓடுது."

"புது கேபினெட்?"

"அதுவும் உட்கார்ந்துடுச்சு சார்."

"கேபிள் எட்டறதோல்லியோ?"

"எட்டுது சார்."

"அப்பறம் எதுக்குக் கூப்பிட்டீங்க?"

கேபினெட்டைத் தனியாக நகர்த்தக் கூடாது என்று சுற்றறிக்கை போட்டவரே அவர்தான்.

"பொங்கல் வாழ்த்து சொல்லலாம்னு சார்."

மறுமுனையில் லக்ஷ்மிநாராயணன் கனைத்தார்.

"அதுக்கு ஆபீஸ்லேருந்தா? சரி சரி, உங்களுக்கும். ஆத்துல எல்லாரையும் விசாரிச்சதாச் சொல்லுங்கோ."

வீட்டில் எல்லோரும் என்றால் ஒரு ஃப்ரிட்ஜும் ஒரு மிக்ஸியும்தான். சொல்கிறேன் என்று சொல்லி வைத்தார்.

அடுத்து பக்தவத்சலம். பக்கத்து சீட்டுக்காரர், நல்ல மனுஷர், ஆனால் வாய் நிற்காது. அவரிடம் சொன்னால் திங்கட்கிழமைக்குள் கேளம்பாக்கம் வரைக்கும் தெரிந்துவிடும். இருந்தாலும் வேறு வழியில்லை. எடுத்தது அவர் மனைவி லோகநாயகி.

"அவர் பசங்களைக் கூட்டிக்கிட்டு பீச்சுக்குப் போயிருக்காருங்கண்ணா. ஒரு மணிக்கெல்லாம் வந்துருவாரு. என்னண்ணா விசயம்?"

"ஒண்ணுமில்லம்மா, சும்மாதான்."

"சும்மாவா?" லோகநாயகியின் குரல் மாறியது. "நீங்க சும்மா கூப்பிடற ஆளே இல்லையே. அண்ணா, பொங்கலுக்கு யாரும் வரலியா வீட்டுக்கு?"

"அது வந்து..."

"அட கடவுளே, எனக்குத் தோணவே இல்ல பாருங்க. பத்து வீடு தள்ளி இருக்கீங்க, ஒரு வார்த்தை கூப்பிடலையே. இன்னைக்கு மத்தியானம் நம்ம வீட்டுலதான் சாப்பாடு. அவரை, பரங்கி, மொச்சை எல்லாம் போட்டுக் குழம்பு வச்சிருக்கேன். வடை போடறேன். ஒரு மணிக்கு வந்துரணும்."

பூவராகவன் சந்தின் சுவரில் சாய்ந்தார். சாந்தா போன பிறகு, பண்டிகை நாளில் அவரை ஒருவர் சாப்பிடக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. மாட்டிக்கொண்டேன் என்று சொன்னால் அவள் சிரிப்பாள், பாவப்படுவாள், பக்தவத்சலத்தை அனுப்புவாள். அழைப்பு போய் அனுதாபம் வந்துவிடும். அழைப்பு அழைப்பாகவே இருக்கட்டும் என்று நினைத்துவிட்டார். ஒரு மணிக்குள் எப்படியும் வெளியே போய்விடலாம்.

"வரேம்மா" என்றார்.

மணி பதினொன்று பத்து. கடைசியாக, கட்டடத்தின் கீழ்வாசலில் இருக்கும் செக்யூரிட்டி நம்பரைச் சுழற்றினார். அங்கே டூட்டியில் இருப்பவர் முனிசாமி, பக்கத்துக் குப்பத்து ஆள். நாலைந்து வருஷமாகப் பழக்கம். பழக்கம் என்றால், "ஐடி சார்" என்று அவர் கேட்பார், இவர் காட்டுவார்.

"செக்ரூட்டி."

"முனிசாமி, பூவராகவன் பேசறேன். கொஞ்சம் மேலே வர முடியுமா?"

"இன்னா சார் விசயம்?"

"வந்தா சொல்றேன்."

"போஸ்ட்ட வுட்டு வர முடியாது சார். நா ஒர்த்தன்தான் கீறேன். இன்னான்னு சொல்லுங்க."

சொன்னார். மறுமுனையில் இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"சிரிக்கிறியா?"

"இல்ல சார், பொறை ஏறிக்கிச்சு. டீ குடிச்சிகினு இருந்தேன். அடி கிடி பட்ச்சா சார்?"

"அதெல்லாம் இல்ல. ஒரு மணிக்கு எனக்கு ஒரு இடத்துல விருந்து. கூப்பிட்டிருக்காங்க. போயே ஆகணும்."

"விருந்தா சார்" என்றார் முனிசாமி. டீ டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "ரெண்டு மணிக்கு என்ன மாத்தி வுட சின்னராசு வருவான். வந்ததும் வந்துர்றேன்."

"ரெண்டா? மெயின் கேட்டுக்குச் சொல்லி வேற யாரையாவது அனுப்பச் சொல்லட்டுமா?"

"ஐயோ, அது மட்டும் வாணாம் சார். மெயின் கேட்டுன்னா ஆபீசரு வருவாரு. ரிஜிஸ்டர்ல ஏத்துவாரு. எயுதிக் குடுன்னு கேப்பாரு. உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

அது நியாயமாகவே பட்டது. சந்துக்குள் வெக்கை தாங்கவில்லை. முன்பக்கம் ஊட்டி மாதிரி இருக்கும் அந்த அறையின் பின்பக்கத்தில், நூற்றிருபத்தெட்டு கம்ப்யூட்டர்களும் முதுகு வழியாக அனலை ஊதிக்கொண்டிருந்தன. பூவராகவன் சட்டையைக் கழற்றி ஒரு கேபிள்மேல் போட்டார். பொங்கலுக்கு எடுத்த புதுச் சட்டை.

பத்து நிமிஷத்தில் போன் அடித்தது.

"சார், நாந்தான். ஒரு ரோசனை. மண்ணுல பொதைஞ்ச படக எடுக்கறதுக்கு நாங்க இன்னா பண்ணுவோம் தெரியுமா? பொதைஞ்ச பக்கத்த தள்ள மாட்டோம். அந்தாண்ட பக்கத்த ஆட்டி ஆட்டி வுடுவோம். அத்தா மேல வந்துரும். ஆட்டிப் பாருங்க."

ஆட்டிப் பார்த்தார். படகு மேலே வந்திருக்கலாம். கேபினெட்டின் பின்சக்கரமும் குழிக்குள் இறங்கியது. இடைவெளியில் இனிமேல் கைகூட மணிக்கட்டு வரைதான் போனது.

"இப்ப ரெண்டு சக்கரமும் உள்ளே போயிடுச்சு முனிசாமி."

"அப்டியா சார்? படகுக்கு சக்கரம் கெடையாதே, அதான் தப்பாயிட்ச்சு."

ஒரு மணி ஆயிற்று. பூவராகவன் லோகநாயகிக்குப் போன் போட்டு, அவசர வேலை, கொஞ்சம் தாமதமாகும் என்றார். "எத்தனை மணி ஆனாலும் வாங்கண்ணா, இலை போட்டு வச்சிருக்கேன்" என்றாள் அவள். பின்னால் பக்தவத்சலத்தின் குரல், "யாரு, பூவராகவனா? வரச் சொல்லு, வரச் சொல்லு" என்று கேட்டது. அவள் வைத்த பிறகும் பூவராகவன் ரிசீவரைக் கொஞ்ச நேரம் கையிலேயே பிடித்திருந்தார்.

இரண்டு மணி ஆயிற்று. இரண்டேகாலுக்கு இவரே போட்டார்.

"சின்னராசு வந்தாச்சா?"

"இன்னும் வர்ல சார். மகாபலிபுரம் ரோட்ல ஒரே ஜாமு. காணும் பொங்கல்ல, பஸ்ஸே நவுராது. சாப்ட்டீங்களா சார்?"

"எங்கே சாப்பிடறது? கொண்டு வந்த சாதம் அந்தப் பக்கம் கொட்டிக் கிடக்கு. என் கண்ணு முன்னாலயே ஒரு எறும்பு தூக்கிட்டுப் போகுது."

முனிசாமி சிரித்தார். இந்த முறை மறைக்கவில்லை. பூவராகவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் கொஞ்ச நேரம் சும்மா சிரித்தார்கள்.

"நீ சாப்பிட்டியா?"

"இல்ல சார். வூட்ல போயிதான். பொண்ணு, மாப்ள, பேரப் புள்ளைங்க, மச்சான் வூட்டு ஜனம்னு ஒரே பேஜாரா கீது. வஞ்சிரம் வறுத்து வெச்சிகினு குந்தியிருப்பாங்க. குந்த எடமிருக்காது வூட்ல."

பூவராகவன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். பேரப் பிள்ளைகள் என்ற சொல்லைச் சொல்லும்போது அந்த மனுஷரின் குரல் எப்படி நிறைந்திருந்தது.

"எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்றார் வீம்பாக. "மகள் குடும்பம் புனேலேர்ந்து வந்திருக்கு. மச்சினன் குடும்பம் வேற. பாத்ரூம்ல கியூ. அதான் தப்பிச்சு இங்க வந்து உட்கார்ந்தேன்."

"பண்டிகன்னா அப்டித்தான் சார்" என்றார் முனிசாமி.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. சின்னராசு வந்த சேதியில்லை. முனிசாமி, கல்யாண முருங்கை இலையில் அடை தட்டினால் சளி போகும் என்று சொல்ல ஆரம்பித்து, கடலில் எந்த மாசத்தில் எந்த மீன் என்பதில் போய் நின்றார். பூவராகவன், கேபிளை ஏன் வளைக்கக் கூடாது என்று விளக்கினார். முப்பது வருஷ சர்வீஸில் அதை ஒருவர் முழுசாகக் காது கொடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான்.

"அப்ப அந்த நூத்திச் சொச்சம் பொட்டியும் ஒண்ணோட ஒண்ணு பேசிகினேதான் இருக்குமா சார்?"

"ராத்திரி பகலா."

"இன்னா பேசும்?"

"எங்கிட்ட இவ்வளவு முடிஞ்சது, உங்கிட்ட எவ்வளவுன்னு கேட்டுக்கும்."

"குடுத்து வெச்ச பொட்டிங்க சார்" என்றார் முனிசாமி.

மூன்றரைக்குப் பூவராகவனுக்கு ஒரு யோசனை வந்தது. வைஷாலியின் சோதனைக் கணக்கு எட்டு கேபினெட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கேபிளை உருவினால் கணக்கு நின்றுவிடும், எங்கேயாவது யாருக்காவது தெரியும். ஒரு கேபிளின் தலையில் கையை வைத்தார். பிறகு எடுத்துவிட்டார். தான் போட்ட கேபிளைத் தானே உருவ அவருக்குக் கை வரவில்லை. அதுவுமில்லாமல் வைஷாலி திருச்சியில் இருந்தாள்.

ஐந்து மணிக்கு லோகநாயகிக்குப் போட்டார்.

"இன்னும் முடியலியாண்ணா?" என்றாள். குரலில் ஒரு தயக்கம். "நாங்க இப்பக் கிளம்பி கருங்குழிக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறோம். பசங்க குதிக்குதுங்க. வடையை மட்டும் டப்பாவுல போட்டு உங்க வீட்டுக் கதவுல மாட்டிட்டுப் போறேன். தப்பா நினைச்சுக்காதீங்கண்ணா."

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நல்லபடியாப் போயிட்டு வாங்க."

"அடுத்த பொங்கலுக்குக் கட்டாயம் வரணும்."

"கட்டாயம்."

அடுத்த பொங்கலுக்கு முந்நூற்று அறுபத்து மூன்று நாள் இருந்தது. பூவராகவன் தரையில் உட்கார்ந்தார். பச்சை விளக்குகள் கண்ணெதிரே மங்கின. ஒரு சாண் குறைந்ததற்கு ஒரு நாள் விருந்து போயிற்று. போனது விருந்துகூட இல்லை, தனக்காக ஓர் இலை காத்திருந்ததே, அதுதான். ஐம்பத்திரண்டு வயதில் இதற்கு அழுவதா என்று வெட்கப்பட்டார். வெட்கப்பட்டுக்கொண்டே கொஞ்சம் அழுதார். பார்ப்பதற்கு யாருமில்லை என்பதில் இப்படி ஒரு சௌகரியமும் இருந்தது.

போன் அடித்தது.

"சார், அயுவுறீங்களா?"

"இல்ல. அனல்."

"ம்."

ஒயரில் இரண்டு பேர் மூச்சு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

"முனிசாமி."

"சொல்லுங்க சார்."

"எங்க வீட்டுல யாரும் வரலப்பா. யாரும் கிடையாது. நான் சும்மா சொன்னேன்."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"நாலு வருசமா பொங்கலு, தீவாளி, ரம்ஜான், கிருஸ்மஸு, எந்த லீவுன்னாலும் என்ட்ரி புக்குல மொத கையெயுத்து உங்களுதுதானே சார்."

பூவராகவனுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே ஏதோ ஒன்று லேசான மாதிரியும் இருந்தது. தான் வருவதையும் போவதையும் ஒருவர் கவனித்திருக்கிறார்.

"உனக்கு என்னப்பா, வீடு நிறைய ஜனம். நான் உன்னைப் பிடிச்சு வச்சுப் பேசிட்டிருக்கேன். சின்னராசு வந்தா நீ நேரா வீட்டுக்குப் போயிடு. எனக்கு அவன் ஒருத்தன் போதும். பேரப் பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும்."

மறுமுனையில் முனிசாமி நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"சரி சார்" என்றார். "இதோ, சின்னராசு வந்துகினு கீறான் சார். அனுப்பறேன்."

ஐந்து நிமிஷத்தில் கதவு திறந்தது. முப்பது வயசு மதிக்கத்தக்க, தூண் மாதிரி ஓர் ஆள், கையில் கடப்பாரையோடு உள்ளே வந்தான். வழியில் கிடந்த எலுமிச்சம் சாதத்தை மரியாதையாகத் தாண்டினான். கடப்பாரையைச் சக்கரத்துக்கடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினான். முன்சக்கரம் வெளியே வந்தது. இன்னொரு நெம்பு. பின்சக்கரம் வந்தது. பலகையைக் குழிமேல் போட்டு, தோளால் ஒரு தள்ளுத் தள்ளினான். பதினாறு கேபிள்களும் கழன்று விழுந்தன, பதினாறு பச்சை விளக்குகளும் அணைந்தன. மொத்தத்தில் இரண்டு நிமிஷம்.

பூவராகவன் பனியனோடு வெளியே வந்தார். ஏ.சி. குளிரில் உடம்பு சிலிர்த்தது. சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மணியைப் பார்த்தார். ஐந்தரை. கதவில் மாட்டியிருக்கும் வடை இந்நேரம் ஆறி ரப்பராகியிருக்கும்.

பசியும் அலுப்பும் சேர்ந்து, யார்மேலாவது கோபப்பட வேண்டும்போல இருந்தது. எதிரே சின்னராசுதான் நின்றான்.

"ஏன்பா, ரெண்டு மணி டூட்டிக்கு அஞ்சரைக்கு வந்தா எப்படி? என்னை விடு. பாவம் அந்த முனிசாமி. வீடு நிறைய ஜனம், பேரப் பிள்ளைங்க, வஞ்சிரம் வறுத்து வச்சுக்கிட்டுக் காத்திருக்காங்க. உன்னால அந்த மனுஷனுக்கும் பண்டிகை போச்சு."

சின்னராசு கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னா சார் சொல்றீங்க, நா ஒன்ற மணிக்கே வந்துட்டேன். அண்ணாத்தைக்கு ஏது சார் பேரப் புள்ள, அது ஒண்டிக்கட்டையாச்சே. 'சார வெளிய வுட்டா வூட்டுக்குப் போயிருவாரு, அப்பால எங்கூட யார்ரா பேசுவா'ன்னு, டூட்டி முடிஞ்சும் போவாம போனாண்டயே குந்திகினு கீது."